பால் ஊற்றிய கல்

காரில் இடமில்லையாம். ஏழு பேர் உட்காருகிற கார், போகிறவர்கள் ஐந்து பேர். மிச்சம் இரண்டு சீட்டில் ஒன்றில் பேனரைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொன்றில் சால்வைப் பெட்டி. சால்வைக்கு இடம் உண்டு, தவமணிக்கு இல்லை. "நீ பஸ்ல வந்துரும்மா, ரெக்கார்டை மட்டும் பத்திரமாக் கொண்டாந்துரு, பதினோரு மணிக்கு முன்னாடி என் கையில இருக்கணும்" என்று காலேஜ் புரொபசர் சௌந்தரபாண்டியன் சார் நேற்றுச் சாயங்காலம் சொன்னபோது அவளும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினாள். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஆட்டாமல் இருந்திருக்கலாம். சால்வையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் சார், என்னை சீட்டில் வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய லேபில் பத்தொன்பது வருஷமாக இந்தத் தலை ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஏழே முக்கால் கோயமுத்தூர் பஸ், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு, ஜன்னலோரம். மடியில் துணிப்பை, பைக்குள் இரண்டு நோட்டு. ஒன்று இன்று விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து அவள் எழுதி முடித்த ரெக்கார்டு, பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டியது. இன்னொன்று ஆசிட் பட்டு ஓரம் பொத்தலான பழைய நோட்டு. ரெக்கார்டு எழுதினதும் கிழித்துப் போடு என்று சார் சொல்லி ஒரு வாரம் ஆகிறது, அவள் இன்னும் கிழிக்கவில்லை. ரெக்கார்டில் இல்லாத ஒரே ஒரு வரி அந்தப் பழைய நோட்டில் இருக்கிறது. பதினோரு மணிக்குக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டல் ஹாலில் பத்திரிகைக்காரர்களை உட்காரவைத்து, கோத்தகிரி மலையில் விழுந்த விண்கல்லுக்குள் உயிர் இருந்தது, அது இந்தப் பூமியில் பிறந்த உயிர் இல்லை, வேறொரு கிரகத்திலிருந்து வந்தது என்று சார் சொல்லப்போகிறார். அந்த ஒரு வரி இருந்தால் அவரால் அதைச் சொல்ல முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும், நீல ஸ்வெட்டர், காலடியில் கேரட் மூட்டை. அரவேணு ஸ்டாப் வருவதற்குள் கேட்டுவிட்டாள், "எந்த ஊருங்க நீங்க?" கோத்தகிரிங்க என்றாள் தவமணி. "அது சரிங்க. சொந்த ஊரு?" அந்த 'அது சரி' இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவனைப் பிடித்து இழுத்து வந்து இந்தப் பஸ்ஸின் மேல்கம்பியில் கட்டித் தொங்கவிடவேண்டும். நாற்பத்தி இரண்டு வருஷமாகக் கோத்தகிரியில் இருக்கிறாள், ரேஷன் கார்டு கோத்தகிரி, ஓட்டு கோத்தகிரி, புருஷனை எரித்தது கோத்தகிரி. அது சரி. சொந்த ஊர்? காதில் விழாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேயிலைச் சரிவில் பனி இன்னும் எழுந்திருக்கவில்லை, கீழே எங்கேயோ யாரோ விறகு எரிக்கிற புகை. அங்கே, கடலுக்கு அந்தப் பக்கம், அவள் பிறந்த தோட்டத்தில் அவர்களுக்குப் பெயர் இந்தியாக்காரர்கள். மூன்று தலைமுறை தேயிலை பறித்த பிறகும் இந்தியாக்காரர்கள். இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்துக்கொண்ட பிறகு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரர்கள். ஆறு வயதில் அந்தப் பெயர் வந்தது, நாற்பத்தெட்டு வயதிலும் போகவில்லை. வேலையை நிரந்தரமாக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள், சான்றிதழுக்குப் போனால் பூர்வீகம் என்ன என்றார்கள், தாத்தாவின் அப்பா எந்தக் கிராமத்திலிருந்து கிளம்பினார் என்பதற்குக் காகிதம் இருக்கிறதா என்றார்கள். துறையூர்ப் பக்கம் என்று அப்பா சொல்வார். பக்கம் என்று ஒரு ஊர் இல்லை என்றார் அந்த கிளார்க், சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் வயிற்றில் கரையாமல் கிடக்கிறது. ஆத்திரத்தில் பையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள் போல, ரெக்கார்டின் அட்டை முனை தொடையில் குத்துகிறது.

காலேஜில் சயின்ஸ் படித்த எவருக்கும் தெரியும், சோதனைக்கு நோட்டு இரண்டு. சோதனை செய்யும்போது கிறுக்குவது ஒரு நோட்டு, அதில் அடித்தல் திருத்தல் எல்லாம் இருக்கும், எதைக் கொட்டினோம் எதை உடைத்தோம் என்பதுகூட இருக்கும். பிறகு அதைப் பார்த்து நல்ல கையெழுத்தில் எழுதுவது ரெக்கார்டு. வலது பக்கம் கோடு போட்ட தாள், அதில் எழுத்து. இடது பக்கம் கோடு போடாத வெள்ளைத் தாள், அதில் படம். கையெழுத்துப் போட்டு மார்க் போடுவது ரெக்கார்டுக்குத்தான், முதல் நோட்டைத் திரும்பிப் பார்க்கிறவர் கிடையாது. அதனால் பிள்ளைகள் என்ன செய்யும்? சோதனையில் வந்த எண் புத்தகத்து எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால், ரெக்கார்டில் புத்தகத்து எண்ணையே எழுதிவிடும். எல்லோரும் செய்வது. தவமணிக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், வேலைக்கு வந்த இரண்டாம் மாதமே சாருடைய ஆராய்ச்சிக்கெல்லாம் ரெக்கார்டு எழுதுவது அவள் வேலையாகிவிட்டது. எத்தனை வருஷம், எத்தனை நோட்டு. செத்துப்போன கலத்தை வளர்ந்தது என்று அவள் எழுதவில்லை, அப்படியெல்லாம் சத்தியமாக இல்லை. ஆனால் மூன்று தரம் வராமல் நாலாம் தரம் வந்தது என்றால் அந்த மூன்று தரம் ரெக்கார்டில் ஏறாது. சார் பென்சிலால் லேசாக ஒரு கோடு இழுப்பார், அந்தக் கோடு இருந்தால் அந்த வரி வேண்டாம் என்று அர்த்தம். கோடு இழுத்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவாள், சோற்றில் கல் எடுப்பது மாதிரி. கை அப்படிப் பழகிவிட்டது. இந்தப் பழைய நோட்டிலும் இரண்டாவது பக்கத்தில் பென்சில் கோடு இருந்தது, கை தானாகத் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகுதான் தெரிந்தது அது அவளே எழுதிய வரி என்று. "முதல் பக்கத்தைத்தான் கேமராவுக்குக் காட்டப்போறேன், தவமணி. உன் கையெழுத்து டிவியில வரப்போகுது" என்று வேறு சொன்னார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாளே, அந்தப் பல்லை என்ன செய்வது.

கல் தை மாசத்தில் விழுந்தது. வானத்தில் வெள்ளையாக ஒரு கீற்று, பிறகு டமார் என்று சத்தம், தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளின் தகரமெல்லாம் அதிர்ந்தது. அவர்கள் லைனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சேற்றில் கிடந்தது, இரண்டு கையில் அடங்குகிற அளவு, கருகின மேல்தோல், நடுவில் விரிசல். வேலாயுதம் சித்தப்பா அதை எடுத்துக் கழுவி, சவுக்கு மரத்தடியில் வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அன்றைக்கே பால் ஊற்றிவிட்டார். எது விழுந்தாலும் பால்தான் இவர்களுக்கு. நாளைக்கு வானத்திலிருந்து விமானத்தின் சக்கரம் கழன்று விழுந்தாலும் அதற்கும் ஒரு சொம்பு பால் நிச்சயம். அவள் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது லைனே அங்கே கூடியிருந்தது. "இது கல்லு சித்தப்பா, வானத்துல சுத்துற கல்லு, காலேஜ்ல படம் இருக்கு" என்றாள். "கல்லுன்னு எங்களுக்குத் தெரியாதா? சாமி எல்லாம் கல்லுதான். ஒங்கப்பன் கொண்டாந்த பிடிமண்ண அன்னைக்கி கொட்டிப்புட்டானுங்க. நாமளாப் போயி எடுத்துக்கிட்டு வர ஏலாது. அதான் அதுவா எறங்கி வந்திருக்கு" என்றார் அவர். பிடிமண் என்றால் ஊரைவிட்டுப் போகிறவன் தன் சாமி இருக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவான், போன இடத்தில் அதை வைத்து அதே சாமியை எழுப்புவான். தாத்தாவின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்துப்போய் சிலோன் மலையில் வைத்தார். அப்பா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு சின்னப் போத்தலில் அடைத்துத் தகர மூடி போட்டு, மடியில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். இறங்கின இடத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தார். "மண்ணெல்லாம் கொண்டு வரக் கூடாது. அதுல என்ன பூச்சி இருக்குமோ, என்ன கிருமி இருக்குமோ." ஒரு வாளியில் கொட்டினார். வாளியில் பினாயில் இருந்தது. மண் வெள்ளைத் தண்ணீரில் கறுப்பாகக் கரைந்து கீழே போனதை ஆறு வயதுத் தவமணி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்பா அதை வாங்கிக்கொண்டு நன்றி ஐயா என்றார். நன்றி சொன்ன அப்பாவின் மேல்தான் அவளுக்கு இத்தனை வருஷமாகக் கோபம், பினாயில் வாளிக்காரர் மேல்கூட இல்லை. பூச்சி இருக்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லையே. ஒரு பிடி மண்ணில் எத்தனை கோடி உயிர் என்று இப்போது அவளுக்கே தெரியும்.

பஸ் குஞ்சப்பனையைத் தாண்டி இறங்குகிறது, காது அடைக்கிறது. எச்சில் விழுங்கினால் ஒரு காது திறக்கிறது, ஒன்று மாட்டேன் என்கிறது. ஸ்வெட்டரைக் கழற்றவேண்டும், கழற்றினால் பையைக் கீழே வைக்கவேண்டும், வைக்க மனம் வரவில்லை. தவமணியின் வேலையே வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான். காலை எட்டரைக்கு லேபைத் திறந்ததும் மேஜையை ஸ்பிரிட்டால் துடைப்பாள், தரையைப் பினாயிலால். கண்ணாடிச் சாமானையெல்லாம் நீராவியில் வேகவைப்பாள். கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டில் வேண்டாத ஒன்று வளர்ந்தால் அதற்கு கன்டாமினேஷன் என்று பெயர், வெளியே இருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், தூக்கிக் கொதிநீரில் போடவேண்டியது. எங்கிருந்து வந்தாய் என்று அந்தக் கிருமியை ஒருவரும் கேட்பதில்லை. அந்தத் தட்டுகளைக் கழுவும்போதெல்லாம் அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்தக் கல்லுக்கு அப்படியில்லை. இருபத்திமூன்று நாள் மரத்தடியில் இருந்த கல்லைக் காலேஜுக்குக் கொண்டு வந்ததே அவள்தான். சாருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவாரே என்று சொன்னவளும் அவள்தான், சித்தப்பாவின் கையைக் காலைப் பிடித்துக் கேட்டு வாங்கியவளும் அவள்தான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். "ஒன்ன நம்பித்தான் குடுக்கிறோம், பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கணும்" என்றார் சித்தப்பா. சார் அதை வெட்டும் இயந்திரத்தில் வைத்து ரொட்டித் துண்டு மாதிரி அறுத்தார். விரிசல் ஓரத்து நடுத்துண்டிலிருந்து கொஞ்சம் பொடி எடுத்துத் தட்டில் தூவினார். நாலாம் நாள் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கண்ணில் தண்ணீர். "தவமணி, இது எங்கிருந்து வந்திருக்கு தெரியுமா?" என்றார். அவளுக்குத் தெரியும். தட்டை மூக்குக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது லேபின் முதல் விதி, அவள் காலையிலேயே மோந்து பார்த்துவிட்டாள். தயிர் வாசனை. ராத்திரி உறை ஊற்றி வைத்து மறந்துபோன தயிரின் வாசனை. சித்தப்பா வீட்டுப் பசுவின் பால், வேளைக்கு ஒரு சொம்பு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இருபத்திமூன்று நாள், விரிசல் வழியாக நடு வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறது.

சொன்னாள். சொல்லாமல் இருக்கவில்லை. கல்லைக் கொண்டு வந்த அன்றைக்கே நோட்டில் எழுதிவிட்டுத்தான் சொன்னாள், தட்டில் வளர்ந்த அன்றைக்கு இன்னொரு தரமும் சொன்னாள். "சார், இதுக்கு தினம் பால் ஊத்தியிருக்காங்க சார்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளியில ஊத்தினது வெளியிலதானம்மா இருக்கும். உள்ளே இருந்துதானே எடுத்தோம்." "விரிசல் இருக்கு சார்." "மரபணு சோதனைக்கு அனுப்பியாச்சு, ரிசல்ட் வர இன்னும் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லாம இருக்கணுமா? நான் முப்பத்தொண்ணாம் தேதி ரிட்டயர் ஆகுறேன், தவமணி." அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, "உங்க ஆளுங்க கல்லுக்குப் பால் ஊத்தினதையெல்லாம் ரெக்கார்டுல எழுதினா உலகமே சிரிக்கும். அவங்களுக்கும் கேவலம், நமக்கும் கேவலம்" என்றார். உங்க ஆளுங்க. பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். சான்றிதழ் இல்லாதவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தது அவர்தான், புருஷன் இறந்தபோது லைன் வரைக்கும் நடந்து வந்து வாசலில் நின்றது அவர்தான், ரிட்டயர் ஆவதற்குள் உன் வேலையை நிரந்தரமாக்கிவிட்டுத்தான் போவேன் என்று காலேஜ் பிரின்சிபாலிடம் ஃபைலை எடுத்துக்கொண்டு போயிருப்பதும் அவர்தான். அந்த ஃபைல் அடுத்த திங்கட்கிழமை கையெழுத்தாகும். நன்றி என்கிற ஒன்று இருக்கிறதே, அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு உண்மையைப் பேசுவது லேசில்லை. அப்பா ஏன் நன்றி ஐயா என்றார் என்பது இந்த ஒரு வாரமாகத்தான் அவளுக்குப் புரிகிறது, புரிந்ததும் கோபம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

வளைவில் பஸ் திரும்பும்போது கேரட் மூட்டை சரிந்து அவள் காலில் சாய்ந்தது. "மன்னிச்சுக்கோங்க" என்றாள் நீல ஸ்வெட்டர் அம்மாள், நல்லவள்தான் போலிருக்கிறது, எல்லோரும் நல்லவர்கள்தான், அதுதான் பிரச்சினை. இதில் வெளியே சொல்லமுடியாத ஒன்று இருக்கிறது. சார் சொல்வது உண்மையாக இருக்கக்கூடாதா என்று அவள் ஏங்கினாள். வெட்கக்கேடு, ஆனால் ஏங்கினாள். நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் சார் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார், பின்னால் தொட்டியில் அவள் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். செவ்வாய் பூமியைவிடச் சின்னது, சின்னக் கிண்ணத்துப் பாயசம் முதலில் ஆறுகிற மாதிரி அது முதலில் ஆறியது, அங்கே தண்ணீர் ஓடியது, ஒருவேளை உயிர் அங்கேதான் முதலில் உண்டாகியிருக்கலாம். பெரிய பாறை ஒன்று போய் மோதினால் செவ்வாயின் மண்ணும் கல்லும் தெறித்து வெளியே போகும், அந்தக் கல்லுக்குள் ஒரு நுண்ணுயிர் சுருண்டு தூங்கிக்கொண்டே வந்து பூமியில் விழுந்திருக்கலாம். நிரூபணம் இல்லை, ஆனால் முடியாது என்று சொல்வதற்கும் இல்லை. "அப்படின்னா நாம எல்லாருமே செவ்வாய்க்காரங்க" என்றார் சார், பிள்ளைகள் சிரித்தார்கள். தவமணி குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். புல்லும் வந்தது, புழுவும் வந்தது, தாசில்தாரும் அவர் கிளார்க்கும் அது சரி சொந்த ஊரு எது என்று கேட்கிறவர்களும் எல்லோரும் கப்பலேறி வந்தவர்கள், ஒருத்தனுக்கும் பூர்வீகக் காகிதம் கிடையாது. அன்றைக்கு ராத்திரி சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது. அதனால்தான் அந்தக் கல் விழுந்ததும் சாரிடம் ஓடினாள். சித்தப்பாவுக்கு அது சாமியின் பிடிமண், சாருக்கு அது உயிரின் பிடிமண், அவளுக்கு அது கிளார்க்கின் முகத்தில் விட்டெறிய ஒரு கல். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், கீழே பால் போய்க்கொண்டிருந்தது.

அப்படியே விட்டால்தான் என்ன? ஒரு மாதம் கழித்து மரபணு முடிவு வரும், பசும்பாலில் இருக்கிற சாதாரணக் கிருமி என்று வரும், அதற்குள் சார் ரிட்டயர் ஆகிப் போயிருப்பார், அவள் வேலை நிரந்தரமாகியிருக்கும். பேப்பர்காரர்கள் லைனுக்கு வருவார்கள். இந்த முட்டாள்கள் பால் ஊற்றி ஒரு விஞ்ஞானியை ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுவார்கள், சித்தப்பாவைச் சொம்போடு நிற்கவைத்துப் படம் பிடிப்பார்கள். பால் ஊற்றினதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சொன்னோமே. அவள் சொன்னாளே. எங்கே சொன்னாய், ரெக்கார்டைக் காட்டு. ரெக்கார்டில் இல்லை. அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில், எந்த இடத்திலும் இல்லை. பினாயில் வாளிக்கு முன்னால் நின்று நன்றி ஐயா என்று காலிப் போத்தலை வாங்கிக்கொண்ட அப்பாவின் மகள் என்பதற்கு வேறு சான்றிதழ் வேண்டாம். எழுதினால்? சார் மேடையில் நிற்பார், கேமரா நிற்கும், அவர் வாழ்க்கையில் இதுபோல் ஒரு பதினோரு மணி இனி வராது. ஃபைல் கையெழுத்தாகாது. நாளைக்கே இந்தத் தாற்காலிக வேலையும் போகலாம். அதுவும் இல்லாமல் அவர் அழுவாரோ என்று பயமாக இருந்தது, அறுபது வயது மனிதர் தன்னால் அழுவதைத் தன்னால் பார்க்க முடியுமா என்று பயமாக இருந்தது. பார்க்க முடியாது. ஆனால் உங்க ஆளுங்க என்றாரே. உலகமே சிரிக்கும் என்றாரே. எங்கிருந்து வந்தது, எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் உயிரை விடுகிறார்கள், வந்த பிறகு அதன் தலையில் என்னத்தை ஊற்றினார்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை. இன்னொரு காதும் அப்போது பட்டென்று திறந்துகொண்டது, பஸ்ஸின் இரைச்சல் முழுசாக உள்ளே வந்தது.

ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டு, அதன்மேல் ரெக்கார்டை வைத்துப் பிரித்தாள். முதல் பக்கம். வலது பக்கத்தில் கோட்டின்மேல் நீல மசியில் அவள் எழுத்து நெல்மணி மாதிரி வரிசையாக இருந்தது, நாள், இடம், எடை, நிறம். இடது பக்கம் கோடு போடாத வெள்ளை, கல்லின் படம் அச்செடுத்து மேல்பாதியில் ஒட்டியிருந்தாள், கீழ்ப்பாதி காலி. பேனாவைத் திறந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் எழுதலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, நின்றால் யோசனை வரும், யோசனை வந்தால் தலை ஆடும், அதனால் ஓடுகிற பஸ்ஸிலேயே எழுதினாள். 'குறிப்பு: இந்தக் கல் ஆய்வகத்துக்கு வருமுன் இருபத்திமூன்று நாள் லைன் வீட்டு மரத்தடியில் இருந்தது.' வளைவு. பேனா வழுக்கி 'இருந்தது' மலை இறங்கிவிட்டது. 'தினமும் இரண்டு வேளை பசும்பால் ஊற்றப்பட்டது. கல்லின் நடுவரை விரிசல் உண்டு. தட்டில் வளர்ந்ததற்குத் தயிர் வாசனை.' மறுபடி வளைவு, ஒரு எழுத்து மற்றொன்றின்மேல் ஏறியது. 'ஊற்றியவர்கள் இதை மறைக்கவில்லை. முதல் நாளே சாரிடம் சொன்னேன்.' கீழே பெயரும் ஆய்வக உதவியாளர் என்றும் தேதியும் போட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் எழுதிய பக்கங்களிலேயே இவ்வளவு அசிங்கமான கையெழுத்து இல்லை. எழுத்து இடமும் வலமுமாகச் சாய்ந்து, ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, குடிகாரன் நடந்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் இன்னும் இருந்தது, பேனாவை மூடினாள். பழைய நோட்டை எடுத்து ரெக்கார்டுக்கு அடியில் சேர்த்து வைத்து, இரண்டையும் ஒரே ரப்பர் பேண்டில் போட்டாள்.

மலை இறங்கி முடிகிற இடத்தில் போன் அடித்தது. சார். பின்னால் யாரோ மைக்கைத் தட்டி ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எங்கம்மா வந்துட்டே?" "மேட்டுப்பாளையம் வரப்போவுது சார்." "ரெக்கார்டு பத்திரமா இருக்கா? இங்க நாலு சேனல்காரங்க வந்தாச்சு." "இருக்கு சார்." அவர் வைக்கப்போகிறார் என்று தெரிந்தது. வைத்துவிட்டால் அதற்குப் பிறகு சொல்ல முடியாது. "சார், மேடைக்குப் போறதுக்கு முன்னாடி முதல் பக்கத்தை ஒரு தடவை படிச்சுருங்க சார்." அந்தப் பக்கம் சிரிப்பு, சந்தோஷமான, மனசு நிறைந்த சிரிப்பு. "உன் கையெழுத்தை எதுக்கும்மா நான் படிக்கணும்? கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கிக் காட்டலாமே." "படிச்சுருங்க சார்" என்றாள் இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சார் யாரையோ சேர் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். லைன் போய்விட்டது. இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது, அப்போது இரண்டு தரம், இன்று இரண்டு தரம்.

கீழே வெயில் வந்துவிட்டது. பாக்குத் தோப்புகள், டீக்கடை, பலகையில் மேட்டுப்பாளையம் என்ற பெயர். கேரட் அம்மாள் இறங்குவதற்காக மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினாள், கட்டிக்கொண்டே தவமணியின் மடியைப் பார்த்தாள். "ரொம்ப நேரமா என்னமோ எழுதிட்டு வந்தீங்களே." "ஒரு வரி விட்டுப்போச்சுங்க." "அட, வீட்டுல உக்காந்து நிதானமா எழுதலாமில்ல. பாருங்க, எல்லாம் கோணல்." "கோணலாத்தாங்க வந்துச்சு." அம்மாள் சிரித்தாள், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்ட இடத்திலிருந்து கேட்டாள். "சொல்லவே இல்லையே நீங்க. சொந்த ஊரு எதுங்க?" தவமணி ரெக்கார்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தாள். "கோத்தகிரிங்க. லைன்ல ஆறாவது வீடு." அம்மாளின் வாய் திறந்தது, அது சரி என்று சொல்வதற்கு. தவமணி பார்வையை எடுக்கவில்லை. "அவ்வளவுதாங்க" என்றாள். "வேற ஊரு இல்ல."